ஈரம் மாற்றும் மண்டபம்

வைகாசி 4

வென்றோம்.

ஆற்றங்கரையில் நடைபாதை அமைக்க வேண்டி ஆவுடையம்மாள் மண்டபத்தைத் தகர்க்க வந்த இடிப்புப் பொறி, காலை முதலே படித்துறை மேட்டில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் எதிரே வல்லங்குறிச்சிப் பெண்கள் நின்றார்கள். பீடி சுற்றுவோர், செங்கற்சூளைக்குச் செல்வோர், மீன்கூடை சுமப்போர். நாள்தோறும் காலையிலோ வேலை முடிந்தோ பொருநை ஆற்றில் குளித்து, இந்த மண்டபத்துள் நுழைந்து உடை மாற்றி வீடு திரும்புகிறவர்கள். அவர்களை அழைத்து வந்தவள் பேச்சியம்மாள். பேசியவள் நான்.

"அரசர்கள் கோவில் கட்டினார்கள், கோட்டை கட்டினார்கள். ஈரச் சேலையோடு நடுங்கிய பெண்ணுக்கு ஒரு கூரை வேண்டும் என்று எந்த அரசனுக்காவது தோன்றியதா? ஆவுடையம்மாளுக்குத் தோன்றிற்று! கழுத்து நகையை விற்றாள், கல் எடுத்தாள், அந்தக் கல்லிலே வெட்டியும் வைத்தாள்: 'பெண்டுகள் மறைவாய் ஈரம் மாற்றி உடுக்க ஆவுடையம்மாள் செய்வித்த தருமம்.' இதை இடிப்பவன் கல்லை இடிக்கவில்லை. தன் தாயின் மானத்தை இடிக்கிறான்!"

பொறியை ஓட்டி வந்த இளைஞனே அதை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். நண்பகலில் ஆட்சியரின் ஆணை வந்தது. ஆடி முடிவதற்குள் எங்கள் மகளிர் மரபுக் காப்பு மன்றம் மண்டபத்தைச் செப்பனிட்டு, உறுதியானது என்று சான்று பெற வேண்டும். தவறினால் இடிப்பு.

பேச்சி என் கையைப் பற்றிக்கொண்டாள். "டீச்சரம்மா, உங்க தொண்டைய தங்கத்துல செஞ்சு போடணும்."

"தங்கத்துல செஞ்சா எவனாவது களவாண்டுட்டுப் போயிருவான்ளா. சுக்குத்தண்ணி வச்சுக் குடு, போதும்" என்றாள் சண்முகக்கனி. மீன்காரி. அவள் நாவுக்கு ஊரே அஞ்சும்.

உண்மையிலேயே சுக்குநீர் வந்தது. குடித்தேன். தொண்டை எரிகிறது, நெஞ்சு குளிர்ந்திருக்கிறது.

வைகாசி 8

மண்டபத்தை அளந்தோம். பதினாறு தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல். ஆனால் பார்க்கப் பொறுக்கவில்லை. தூண்களுக்கு இடையே செங்கல், தகரம், ஒரு பழைய கதவு, தேர்தல் பதாகை, உரச்சாக்கு. ஆண்டாண்டாகக் குளிக்க வந்த பெண்களே கைக்குக் கிடைத்ததை வைத்து அடைத்த அடைப்பு. நல்ல உடலில் படர்ந்த சொறி போல இருக்கிறது.

வைகாசி 15

கொடை கேட்டு ஊர் முழுதும் நடந்தேன். வந்தவை: குழல் விளக்குகள் இரண்டு (கொடுத்தவர் பெயரும் அவர் தந்தை பெயரும் எழுதியதுபோக ஒளி வர இடமில்லை), சுவர்க்கடிகாரம் ஒன்று, பளிங்குப் பலகை ஒன்று, அதிலும் பெயர். எங்களுக்கு வேண்டியதோ சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி. பழங்காரைக்கு அவைதாம் வேண்டும். சுண்ணாம்பின்மேல் பெயர் எழுத முடியாது. ஆகவே சுண்ணாம்பு தருவார் இல்லை.

எங்கள் செயலாளர் ரெஜினா, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இத எந்தச் சுவத்துல மாட்டக்கா?" என்றார். சிரித்தோம். சிரிப்பு நீளவில்லை.

வைகாசி 24

லோகநாயகி அம்மையார் சென்னையிலிருந்து வந்தார். நூற்பாலைக் குடும்பம், தாயார் பிறந்த ஊர் இது. தாயார் நினைவாகச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். மரபுக் கட்டடங்களைச் செப்பனிடும் நிரஞ்சன் என்னும் வல்லுநரையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

மண்டபத்தைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். "பூங்கோதை, ஆவுடையம்மா கட்டினது இது இல்லைங்க. இந்தக் குப்பைக்கு உள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கு." கைப்பையிலிருந்து ஒரு பழைய நிழற்படத்தை எடுத்தார். வெள்ளையர் காலத்தது. பதினாறு தூண்களும் நான்கு புறமும் திறந்து, நடுவே ஆறு தெரிய, வானத்தைத் தாங்கி நிற்கின்றன. எத்தனை பேரழகு! படத்தில் ஒரு பெண்கூட இல்லை. தலைப்பாகை கட்டிய காவலன் ஒருவன் மட்டும். அந்தத் தூய்மையைக் கண்டு என் கண்கள் கலங்கின.

"இந்தச் சுவரெல்லாம் போகணும். படத்துல இருக்கிற மாதிரியே வரணும். அதுக்குன்னா நான் தர்றேன்."

ஆடி முடிய இன்னும் எத்தனை நாள் என்று ரெஜினா விரல் விட்டு எண்ணினார். நான் எண்ணவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஆனி 2

படித்துறையில் பெண்களிடம் சொன்னேன். சுவரை எடுத்தால்தான் கொடை, கொடை வந்தால்தான் மண்டபம் என்று விளக்கினேன்.

"சொவர எடுத்துட்டா எங்க நின்னு சேல மாத்த?" என்றாள் சண்முகக்கனி.

"திறப்பு விழா முடிந்த மறுநாளே பனையோலைத் தட்டி கட்டித் தருகிறோம். இது என் வாக்கு."

"ஆனி, ஆடி ரெண்டு மாசம்?"

"சேலய வாயில கவ்விக்கிட்டு மாத்துனாப் போச்சு. வயல்ல நட்டோம், வாய்க்கால்ல குளிச்சோம், அப்பல்லாம் மண்டபமா இருந்திச்சு?" என்று அவளை அடக்கினாள் பேச்சி. பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னாப் போதும் டீச்சரம்மா. இடிக்கச் சொல்லுங்க."

"இவ ஒருத்தி. டீச்சரம்மா ஆத்துல குதின்னா குதிச்சிருவா" என்றாள் சண்முகக்கனி. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியும்.

ஆனி 9

சுவர்கள் விழுந்தன. ஒரே பகலில்.

ஆனி 10

எத்தனை ஒளி உள்ளே!

ஆனி 21

காரை அரைக்கிறார்கள். தெருவெங்கும் கடுக்காய் நாற்றம். தூண்களில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பருமனில் துளைகள் இருப்பதைக் கொத்தனார் காட்டினார். நான்கு புறத் தூண்களிலும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கு ஒன்று நேராக இருந்தன. கழி ஏதேனும் செருகியிருப்பார்களோ என்று ரெஜினா கேட்டார். படத்தில் கழி இல்லையே என்றார் நிரஞ்சன். அடைத்துவிட்டோம். இப்போது தூண்கள் வழுவழுப்பாக இருக்கின்றன.

ஆனி 30

பெண்கள் வழக்கம்போல் குளிக்க வருகிறார்கள். தூண் மறைவில் இருவர் சேலை விரித்துப் பிடிக்க, ஒருத்தி மாற்றுகிறாள். பிறகு முறை மாறுகிறது. சற்று நேரம் கூடுதலாகிறது, அவ்வளவே. அக்கரையில் ஆடு மேய்ப்போர் சிலர் இப்போதெல்லாம் அதிக நேரம் உட்கார்ந்திருப்பதாகப் பேச்சி சொன்னாள். விழா வரைதான் என்றேன்.

ஆடி 5

விழா மலருக்கு அட்டைப்படம் தேர்ந்தெடுத்தோம். நிரஞ்சன் அழைத்து வந்த ஒளிப்படக்காரர் அக்கரையிலிருந்து தொலைநோக்கு வில்லை வைத்து எடுத்தவை. திறந்த தூண்களுக்கு நடுவே ஒருத்தி நிற்கிறாள். ஈரக் கூந்தலைப் பிழிகிறாள். நனைந்த துணி உடலோடு ஒட்ட, அதன்மேல் காலைக் கதிர். முகம் பக்கவாட்டில். கல்லும் நீரும் பெண்ணும் ஒன்றாகிய காட்சி. கண்ட நொடியே இதுதான் என்றேன்.

ரெஜினா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அக்கா, இது நம்ம பேச்சி மாதிரி இல்ல?"

"இவள் பேச்சி அல்லள். பொருநை" என்றேன்.

'பொருநையின் மகள்' என்று கீழே எழுதினேன். லோகநாயகி அம்மையார் தொலைபேசியில், "உங்க தமிழ் இருக்கே!" என்று உருகினார். ஆயிரம் படி அச்சிடச் சொல்லிவிட்டோம்.

ஆடி 18

பெருக்கு நாள். திறப்பு விழா.

உறுதிச் சான்றிதழை ஆட்சியர் மேடையிலேயே தந்தார். மண்டபம் இனிக் காக்கப்படும் சின்னம் என்று அறிவித்தார். முக்கால் மணி நேரம் பேசினேன். ஆவுடையம்மாளின் கல்வெட்டை நான் ஓதியபோது கூட்டம் எழுந்து நின்றது. லோகநாயகி அம்மையார் மேடையிலேயே என்னைத் தழுவினார். மலர் எல்லோர் கையிலும் இருந்தது. மீந்ததைக் கடைத்தெரு முழுக்க வழங்கினோம்.

அழைப்பிதழ் பெற்றவர்களுக்கே நாற்காலி போதவில்லை. படித்துறைப் பெண்கள் மணலில் அமர்ந்திருந்தார்கள். பேச்சி தன் திருமணப் பட்டுச்சேலையை உடுத்தி வந்திருந்தாள். நான் பேசி முடிக்கையில் தேடினேன், காணவில்லை.

ஆடி 19

தட்டி கட்ட ஓலைக்காரரை அனுப்பினேன். லோகநாயகி அம்மையார் மண்டபத்துக்கு அமர்த்திய காவலாளி சுடலைமுத்து உள்ளே விடவில்லை. நிரஞ்சனைக் கேட்டேன். ஆட்சியர் அறிவிப்பின் மூன்றாம் வரியைப் படித்துக் காட்டினார்: 'சின்னத்தின் தோற்றத்தை மறைக்கும் எதனையும் அமைத்தல் கூடாது.' தெளிவான, செறிவான தொடர். அறிவிப்பை நல்ல தமிழில் எழுதித் தருமாறு ஆட்சியர் அலுவலகம் கேட்டபோது நான் எழுதித் தந்தது.

லோகநாயகி அம்மையாரையும் அழைத்தேன். "ஓலைத் தட்டியா? மறுபடியும் மாட்டுக்கொட்டகை ஆக்கணுமா பூங்கோதை? குளிக்கிறவங்களுக்கு வேற ஏதாவது பண்ணலாம். அடுத்த வருஷம் பாப்போம்."

ஆடி 20

பெண்கள் வரவில்லை.

ஆடி 21

வரவில்லை. மணமக்கள் இருவர் வந்து தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆடி 23

ரெஜினா வந்தார். கைப்பேசியை என் முன்னே வைத்தார். மலரின் அட்டையை எவனோ கைப்பேசியில் படமெடுத்து, அடியில் இழிசொற்கள் எழுதி அனுப்பியிருக்கிறான். ஊர் முழுக்கச் சுற்றுகிறது. இழிசொற்களுக்கு மேலே என் தொடரும் அப்படியே இருக்கிறது. பேச்சியின் பிள்ளைகள் இருவரும் சரக்குந்துகளில் மூட்டை ஏற்றுபவர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருவன் அந்தப் படத்தை அவர்களிடமே காட்டிச் சிரித்தானாம். மூத்தவன் அவன் பல்லை உடைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் இரவு முழுதும் இருந்திருக்கிறான்.

இரண்டு மணி நேரம் எழுத முயன்றேன். இவ்வளவுதான் வருகிறது.

ஆடி 25

பேச்சி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதுதான் என்னைக் கொன்றது.

"உட்காருங்க டீச்சரம்மா. காப்பி போடட்டா?"

வேண்டாம் என்றேன். அவள் இலையை வெட்டியபடியே பேசினாள். "பெரியவன் என் முகத்த நிமிந்து பாக்க மாட்டேங்கான். கோவம்லாம் இல்ல. பாக்க முடியல அவனுக்கு. சின்னவன் ஆத்துப்பக்கம் போனா காலை ஒடிச்சிருவேங்கான். வீட்டு ஆளு ஒண்ணும் சொல்லல. அவிய தேத்தண்ணிக் கடைக்குப் போறத நிறுத்திட்டாவ."

"குளிப்பதற்கு?"

"பின்னால ஓல வச்சு, வெள்ளி மொளைக்கதுக்குள்ள ஒரு கொடம் தண்ணி. மத்தவளுவ எல்லாம் கீழாத்துல உடமரத்துக்கு உள்ள போறாளுவ. முள்ளு. மணல் அள்ளுன குழி வேற."

நான் பேசவேண்டியவற்றை வழியெல்லாம் சொல் சொல்லாய்க் கோத்து வந்திருந்தேன். அவளே என்னைத் தேற்றினாள்.

"நீங்க அது நாந்தான்னு தெரியாமத்தான போட்டிய. எனக்குத் தெரியும். சண்முகக்கனி கிட்டயும் சொன்னேன், டீச்சரம்மாவுக்குத் தெரியாதுன்னு."

ஆம் என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

தெருமுனையில் சண்முகக்கனி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்காகவே நின்றாள். அம்மா என்றும் இல்லை, டீச்சர் என்றும் இல்லை. "அப்ப சொவரு அசிங்கமா இருந்திச்சு. இப்ப நாங்க இருக்கோம்" என்றாள். சிறிது தொலைவு நடந்தபின் முதுகுக்குப் பின்னிருந்து குரல் வந்தது. "ஒரு நா, ஒரே ஒரு நா, அங்க முங்கி எந்திரிச்சுப் பாருங்க. பொறவு மேடையில பேசுங்க."

ஆடி 27

செயற்குழு கூடிற்று. எஞ்சிய மலர்களைத் திரும்பப் பெற்று எரிப்பது என முடிவு. எஞ்சியவை நாற்பதுக்கும் குறைவு. தட்டி பற்றிய தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். எவரும் வழிமொழியவில்லை.

ரெஜினா தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்து தேரடிக் கல்மண்டபம் இருக்கு. லோகநாயகியம்மா விட்டுட்டாங்கன்னா அதுவும் போயிரும். பேச்சிக்கு நாம தனியா ஏதாவது செய்வோம். ஒரு குளியலறை கட்டிக் குடுப்போம்."

"மற்றப் பெண்களுக்கு?"

ரெஜினா அடுத்த தீர்மானத்தாளைப் புரட்டினார். எழுந்து மேசையை அறைந்து பேசியிருக்க வேண்டிய இடம். இந்த ஊரில் ஓர் இடிப்புப் பொறியையே நிறுத்திய நா என்னுடையது. அன்று என் எதிரே நின்றது இடிக்க வந்தவர்கள். இன்று எதிரே இருப்பது நாங்கள்.

அமர்ந்துவிட்டேன். தேநீர் வந்தது. எல்லோரும் குடித்தோம்.

ஆவணி 1

உறக்கம் இல்லை. கல்வெட்டை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எத்தனை மேடைகளில் ஓதியிருப்பேன்! 'பெண்டுகள் மறைவாய்' என்ற இடத்தில் எப்போதும் குரலைத் தாழ்த்துவேன். கைதட்டலுக்கு முந்தைய தாழ்வு அது. அந்தத் துளைகள் கழி செருகவே. கழியில் தட்டி. வெள்ளையர் காலத்தில் அந்தப் படம் எடுக்க வந்தவன் கல்லைக் காண வந்தவன். தட்டியை அவிழ்க்கச் சொல்லியிருப்பான், பெண்களைப் போகச் சொல்லியிருப்பான். அப்படி அவன் ஒரு காலை வெறுமையாக்கிய மண்டபத்தை நான் நிலையாக வெறுமையாக்கி, அதற்கு மரபு என்று பெயரும் வைத்தேன்.

ஆவணி 3

விடியலில் என் கைத்தறிச் சேலைகளை எடுத்துச் சென்று தூண்களுக்கு இடையே கட்டினேன். ஆற்றுக்காற்றில் அவை புடைத்தன. பெண்கள் கீழாற்றுக்குச் செல்லும் வழியில் நின்று, வாருங்கள், மறைப்பு இருக்கிறது என்று கூவினேன். தலையில் துணிமூட்டையோடு போனவர்கள் நடையை விரைவாக்கினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, "எந்தப் பக்கத்துல கேமரா வச்சிருக்கிய?" என்றாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு வருத்தப்படும் உரிமையும் எனக்கு இல்லை.

சுடலைமுத்து தயங்கித் தயங்கி வந்தார். "டீச்சர், போர்டுல நீங்கதான எழுதியிருக்கிய? 'துணி கட்டாதீர், உலர்த்தாதீர்'னு. சென்னையில இருந்து கேட்டா எனக்குல்லா வேல போயிரும்." ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, சேலைகளை மடித்து, கரை கசங்காமல் என் கையில் தந்தார்.

ஆவணி 6

இன்று காலை பொருநையில் குளித்தேன்.

அறுபத்தாறு வயதில், இந்தப் படித்துறையில், முதன்முறையாக. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு, பின்பு குளியலறை. வெயில் ஏறிய பிறகே போனேன், எதுவும் மறையாத நல்ல வெளிச்சத்தில். மூன்று முறை மூழ்கினேன். மாற்றுச்சேலை மண்டபத்தின் நடுவே இருந்தது.

படியேறியபோது சேலை ஈயம்போல் கனத்தது. கால்களோடு சுற்றிக்கொண்டது. குனிந்தால் முதுகு, நிமிர்ந்தால் மார்பு. மண்டபத்துள் மணமக்கள் ஒரு சோடி, ஒளிப்படக்காரன், குடைவிளக்குப் பிடிப்பவன் ஒருவன். தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அந்தப் பக்கம் அக்கரை. மறுதூணுக்கு நகர்ந்தேன். அங்கே மண்டபத்தைச் சுற்றிப் புதிதாகப் போட்ட நடைபாதை, நடைபயில்வோர். பதினாறு தூண்களில் ஒன்றுகூட ஒரு பெண்ணின் அகலம் இல்லை.

ஒளிப்படக்காரன் என்னைக் கண்டான். கெட்டவன் அல்லன், மலர்ந்த முகத்தோடுதான் கேட்டான்: "மேடம், லைட் சூப்பரா விழுது. அப்படியே ஒரு செகண்ட் நில்லுங்க."

வாய் திறந்தேன். ஆயிரம் மேடை கண்ட வாய். 'வேண்டாம்' என்னும் ஒரு சொல்லும் வரவில்லை. மாற்றுச்சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஈரத்தோடே இறங்கி நடந்தேன்.

கடைத்தெரு வழியாகத்தான் வீடு. ஒவ்வொரு கடை வாயிலிலும் என்னை வணங்கும் மனிதர்கள். இன்று எவரும் வணங்கவில்லை. பார்த்தார்கள். முகத்தை அல்ல. சேலையிலிருந்து சொட்டிய நீர் பின்னால் ஒரு தடமாய் வந்தது. ஒருவன் கைப்பேசியை உயர்த்தினானா, நேரம் பார்த்தானா, அறியேன்.

தேநீர்க்கடை முன்னே பேச்சியின் மூத்த மகன் நின்றிருந்தான். அவனைச் சுற்றி மூட்டைக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர். அவன் என்னைக் கண்டான். என் கால்கள் நின்றுவிட்டன. அவன் எது செய்தாலும் ஏற்க வேண்டியவள் நான்; காறி உமிழ்ந்தாலும் துடைத்துக்கொண்டு நடக்க வேண்டியவள்.

அவன் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்து நின்றான். பிறகு உரத்த குரலில் சொன்னான்.

"ஏலே, எல்லாரும் அங்குட்டுத் திரும்புங்கலே."

திரும்பினார்கள். ஒருவர் விடாமல். கையில் தேநீர்க் குவளையோடு அத்தனை முதுகுகள். நான் கடந்து தெரு திரும்பும்வரை ஒரு தலையும் அசையவில்லை.

வீடு வந்தேன். கதவைத் தாழிட்டேன். ஈரம் மாற்றினேன்.